மாதக் கட்டுப்பணத்தை மட்டும் பார்க்காதே, தம்பி

முரசுமோட்டை
2025 பங்குனி (மார்ச்) 12

அன்புள்ள தம்பி,

நீ அமெரிக்காவில் இருந்து வட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று மருத்துவக் காப்புறுதிப் பிளான் படங்களையும் தங்கச்சி கிளிநொச்சிக்குப் போன நேரம் பெரிதாக்கிப் பிரின்ட் எடுத்து வந்து தந்தாள், போனில் அந்தச் சின்ன எழுத்தைப் பார்க்க எனக்குக் கண் கட்டுகிறது. எது மலிவோ அதைப் போடப் போகிறேன், சரிதானே அம்மா என்று கேட்டிருந்தாய். சரியில்லை. ஏன் என்று போனில் சொல்ல வெளிக்கிட்டால் ஓம் ஓம் என்றுவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

அதற்கு முதல் இன்னொரு கதை. காப்புறுதி இல்லாமலே மார்கழி வரைக்கும் சமாளித்து, அந்தக் காசை இங்கே கூரை மாற்ற அனுப்பலாம் என்று தங்கச்சியிடம் சொன்னாயாம். கூரைக்கு ஒரு அவசரமும் இல்லை. மாரி முடிந்து காலபோக நெல்லும் வெட்டியாயிற்று, இனிப் பெருமழை ஐப்பசியில்தான். நீ தொய்வுக்காரன், ஆஸ்துமா உள்ளவன். மெனிக்பாம் அகதி முகாமில் அந்தப் புழுதிக்குள் இழுப்பு வந்து, இரவிரவாக உன்னைக் கூடாரத்துக்கு வெளியே நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தவள் நான். அமெரிக்காவில் ஒரு இரவு எமர்ஜென்சிக்குப் போனால் எவ்வளவு பில் வரும் என்று என்னைவிட உனக்குத் தெரியும். ஆகவே அந்தக் கதையை இத்தோடு விடு.

நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்த காலம் அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதிப் படிவங்கள் என் மேசையால்தான் போனது உனக்குத் தெரியும். சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகை வெட்டுவார்கள், ஆஸ்பத்திரியில் நின்றால் படிவம் நிரப்பிப் போட வேண்டும். பிறகு அதிலும் சில்வர், கோல்ட் என்று வந்தது. எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள், எதற்குத் தருவார்கள், எதற்குத் தரமாட்டார்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு. படுக்கையால் எழும்பி வந்த பிறகுதான், ஆஸ்பத்திரியில் தரும் டயக்னோசிஸ் காட்டின் போட்டோக்கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் தங்கச்சி இது வெட்டுப்பட்டது" என்று கேட்டு வந்து நிற்பார்கள். காப்புறுதியை வருத்தம் வருவதற்கு முதல் வாசிக்க வேண்டும்.

சரி, உன் படங்களுக்கு வருகிறேன். வேலை போனதால் பங்குனி 31ஆம் திகதியோடு கொம்பனிக் காப்புறுதி முடிகிறது, இனி நீயே உனக்குப் பார்க்க வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால் 2014இல் இருந்து அங்கே சந்தையில் விற்கிற இந்தப் பிளான்களில் தொய்வு இருக்கிறதா, சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்டு ஒதுக்கவோ விலையைக் கூட்டவோ முடியாது. வயது, எந்த இடம், புகைப்பாயா இல்லையா, இவ்வளவையும் வைத்துத்தான் கட்டுப்பணம் போடலாம்.

புரோன்ஸ், சில்வர், கோல்ட் என்பதைக் கண்டு மருந்தின் தரம், டொக்டரின் தரம் என்று நினைத்துவிடாதே. வைத்தியச் செலவில் சராசரியாகக் கொம்பனி ஏற்கும் பங்குதான் அது: புரோன்ஸ் 60 வீதம், சில்வர் 70, கோல்ட் 80. மிச்சம் உன் பையில் இருந்து.

உன் படத்தில் அரசாங்க உதவி கழித்த பிறகு மாதக் கட்டுப்பணம் புரோன்ஸ் 240 டொலர், சில்வர் 335, கோல்ட் 320. நீ இதை மட்டும் பார்த்துவிட்டுப் புரோன்ஸ் என்கிறாய். கீழே இருந்த மற்ற இரண்டு வரியையும் பார். கொம்பனி கை வைப்பதற்கு முன் நீ கட்ட வேண்டிய டிடக்டிபிள் புரோன்ஸில் 7,500, சில்வரில் 5,000, கோல்டில் 1,500. ஒரு வருடத்தில் என்னதான் வந்தாலும் இதற்கு மேல் நீ கட்டத் தேவையில்லை என்கிற உச்சத் தொகை புரோன்ஸில் 9,200, சில்வரில் 8,000, கோல்டில் 7,800. (9,200 என்பது 2025இல் ஒரு ஆளுக்குச் சட்டம் விடுகிற ஆகக் கூடிய தொகை, அதாவது புரோன்ஸ் உன்னை அந்த ஓரம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது.)

நான் பழைய கணக்குக் கொப்பியில் இரண்டு பக்கமாகப் போட்டுப் பார்த்தேன், ஒன்று சுகமான வருடம், மற்றது கெட்ட வருடம். சித்திரையில் இருந்து மார்கழி வரைக்கும் ஒன்பது மாதம். ஒரு தும்மலும் இல்லாமல் போனால் புரோன்ஸுக்கு 2,160 கட்டியிருப்பாய், கோல்டுக்கு 2,880. வித்தியாசம் 720 டொலர், நீ மிச்சம் பிடிக்கப் பார்க்கிற காசு அவ்வளவுதான். கெட்ட வருடமாக வந்து உச்சத் தொகை முழுவதையும் கட்ட வேண்டி வந்தால் கட்டுப்பணத்தோடு சேர்த்துப் புரோன்ஸில் 11,360, சில்வரில் 11,015, கோல்டில் 10,680. மாதம் ஆகக் குறைந்தது கேட்கிற பிளான்தான் கெட்ட காலத்தில் ஆகக் கூடுதலாகக் கேட்கிறது.

இரண்டும் இல்லாத நடுவாந்திர வருடம்தான் உனக்கு வழக்கம். ஒரு இரவு இழுப்புக் கூடி எமர்ஜென்சிக்குப் போனாய், பில் 6,000 டொலர் என்று வை. கோல்டில் முதல் 1,500 உன்னுடையது, மிச்சம் 4,500இல் அந்தப் பிளான் உன் பங்காகக் கேட்கிற 25 வீதம் 1,125, மொத்தம் 2,625. புரோன்ஸில் 7,500 இன்னும் தாண்டவில்லை, ஆகவே 6,000மும் உன்னுடையது. ஒரே இரவில் 3,375 டொலர் வித்தியாசம், 720ஐ மிச்சம் பிடிக்கப் போய். அதைவிட நெஞ்சு டொக்டரிடம் ஒவ்வொரு முறையும் புரோன்ஸில் 100, கோல்டில் 60. இன்ஹேலர் கோல்டில் முதல் நாளே 30 டொலர், புரோன்ஸில் டிடக்டிபிள் முடியும் வரை பாமசிக்காரன் சொல்கிற விலை.

கோல்டை எடு என்று சொல்லிச் சில்வரை ஏன் விட்டேன் என்று கேட்பாய். கோல்ட் சில்வரைவிட மலிவாக இருந்ததைப் பார்த்துத் தங்கச்சி, இது அச்சுப் பிழை அம்மா என்றாள். பிழை இல்லை. குறைந்த வருமானக்காரருக்குச் சில்வர் பிளானில் டிடக்டிபிள் எல்லாவற்றையும் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அந்தக் குறைப்புக்கு அரசாங்கம் கொம்பனிகளுக்குக் கொடுத்துவந்த காசை 2017 ஐப்பசியில் நிறுத்திவிட்டது, கொம்பனிகள் அந்தப் பாரத்தைச் சில்வரின் கட்டுப்பணத்தில் ஏற்றிவிட்டன. உன்னுடைய டெக்சாஸில் அப்படித்தான் ஏற்ற வேண்டும் என்று 2021இல் சட்டமே போட்டார்கள், 2023இல் இருந்து அங்கே கோல்ட் மலிந்து போய்க் கிடக்கிறது. ஆனால் ஒன்று, தனி ஆளுக்கு 2025 வருமானம் 37,650 டொலருக்குள் இருந்தால் அந்தக் குறைப்பு உனக்கும் கிடைக்கும், சில்வரில் மட்டும். கொன்ட்ராக்ட் வேலை சரிவராமல் வருமானம் அந்தளவுக்கு இறங்கும் என்று தெரிந்தால் என் கணக்கை எறிந்துவிட்டுச் சில்வருக்குப் புதிதாகக் கணக்குப் போட்டுப் பார்.

வருமானத்தை எழுதும்போது கவனமாக எழுது. தை மாதத்தில் இருந்து வாங்கின சம்பளத்தையும் சேர்க்க வேண்டும், கொன்ட்ராக்ட் காசில் செலவு கழித்த மிச்சத்தைப் போட வேண்டும். உதவி கூட வரட்டும் என்று குறைத்துக் காட்டினால் அடுத்த வருடம் வரிக் கணக்கு முடிக்கும்போது திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இடையில் வருமானம் மாறினால் உடனே போய்த் திருத்து.

பழைய கொம்பனிக் காப்புறுதியையே கோப்ரா என்று பதினெட்டு மாதம் வரைக்கும் தொடரலாம் என்று கடிதம் வந்ததாமே. மாதம் 710 டொலர், இவ்வளவு நாளும் முதலாளி கட்டிய பங்கும் இனி உன் தலையில், அதுக்கு மேல் 2 வீதம் நிர்வாகச் செலவு. விலையைப் பார்த்தவுடனே தள்ளிவிடாதே, ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த வருடம் தையில் இருந்து அந்தப் பழைய டிடக்டிபிளில் எவ்வளவு கட்டிவிட்டாய்? கோப்ராவில் அது அப்படியே நிற்கும். புதுப் பிளானுக்குப் போனால் பூச்சியத்தில் இருந்து தொடங்கும், அதுவும் மார்கழி முடியத் திரும்பவும் பூச்சியம். ஏதும் பெரிய ஒபரேஷன் பாதியில் நின்றால் கோப்ராதான் சரி. உனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன், இருந்தால் ஒளிக்காமல் சொல்.

உன் சிநேகிதன் சொன்ன 90 டொலர்ப் பிளானைப் பற்றியும் தங்கச்சி சொன்னாள். அது குறுகிய காலப் பிளான். 2024 புரட்டாதியில் இருந்து புதிதாக எடுப்பவர்களுக்கு நீடித்தாலும் நாலு மாதம்தான் கணக்கு. அதில் முதலே இருந்த வருத்தத்தைக் கேட்பார்கள், ஒதுக்குவார்கள். தொய்வுக்கு ஒரு சதமும் தராத காப்புறுதி உனக்கு எதற்கு? அவனுக்குச் சரியாக இருக்கலாம், அவன் ஓட்டப்பந்தயம் ஓடுகிறவன்.

கணக்கு இவ்வளவும் சரிவந்தாலும் இரண்டு விசயம் பிழைத்தால் எல்லாம் வீண். ஒன்று உன் நெஞ்சு டொக்டர். அந்த கோல்ட் பிளான் எச்எம்ஓ என்று போட்டிருக்கிறது, வலையமைப்புக்கு (கொம்பனியோடு ஒப்பந்தம் உள்ள டொக்டர்மார், ஆஸ்பத்திரிகளுக்கு) வெளியே போனால் அவசரத்துக்குத் தவிர ஒரு சதமும் இல்லை, உச்சத் தொகைக் கணக்கிலும் சேராது. டொக்டரின் கந்தோருக்குப் போன் எடுக்கும்போது இந்தக் கொம்பனியை எடுப்பீர்களா என்று கேட்காதே, ஓம் என்றுதான் சொல்வார்கள். பிளானின் முழுப் பெயரையும் சொல்லி, 2025க்கு இதன் வலையமைப்பில் இருக்கிறீர்களா என்று கேள். ஒரே கொம்பனிக்குப் பல வலையமைப்பு இருக்கும். மற்றது மருந்துப் பட்டியல். நீ பாவிக்கிற இன்ஹேலர் அந்தப் பெயரிலேயே பட்டியலில் இருக்க வேண்டும், எந்தப் படியில், அதாவது எந்த விலைப் பிரிவில் இருக்கிறது என்றும் பார். பட்டியலில் இல்லாவிட்டாலும் தலையில் கைவைக்காதே, அஸ்ட்ராசெனெகா, போரிங்கர், ஜிஎஸ்கே மூன்றும் தங்கள் இன்ஹேலர்களுக்கு நோயாளியிடம் மாதம் 35 டொலருக்கு மேல் வாங்குவதில்லை என்று திட்டம் வைத்திருக்கின்றன, அந்தப் பக்கத்தையும் தட்டிப் பார்.

ஒவ்வொரு பிளானுக்கும் ஒரே மாதிரியான சுருக்கப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் பிள்ளைப்பேறு, சீனி வருத்தம், எலும்பு முறிவு என்று மூன்று உதாரணம் போட்டு நீ எவ்வளவு கட்டுவாய் என்று காட்டியிருப்பார்கள். விளம்பரத்தை விட்டுவிட்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும் மூன்று பிளானுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

இங்கே இதெல்லாம் இல்லையே என்று நீ சொல்வாய். ஓம், இல்லைத்தான். அப்பாவின் சீனிக் கிளினிக்குக்கு விடியப் போய்த் துண்டு எடுத்து, வாங்கில் இருந்து, மத்தியானம் மருந்தும் கொப்பியுமாக வருகிறார், ஒரு ரூபாய் இல்லை. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸும் காசில்லாமல் வாசலுக்கு வரும். ஆனால் 2022இல் ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்து வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்தபோது, இலவசம் என்றாலும் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று கண்டோம். அங்கே அம்புலன்ஸும் கவனம். 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் எமர்ஜென்சியில் வலையமைப்புக்கு வெளியே உள்ள டொக்டர் தனியாகப் பெரிய பில் போடுவதைத் தடுக்கிறது, ரோட்டால் ஓடுகிற அம்புலன்ஸை அது தொடவில்லை. மூச்சு முட்டினால் அதையெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்காதே, 911க்கு அடி, பில்லைப் பிறகு பார்க்கலாம்.

காப்புறுதி முடிந்த நாளில் இருந்து 60 நாள் தருகிறார்கள், அதுக்காகக் கடைசி நாள் வரைக்கும் இழுக்காதே. பங்குனி 31க்குள் தெரிவு செய்தால்தான் சித்திரை 1ஆம் திகதி தொடங்கும், ஒரு நாள் பிந்தினால் முழுச் சித்திரையும் வெறும் ஆள். தெரிவு செய்து மட்டும் காணாது, முதல் மாதக் கட்டுப்பணம் போய்ச் சேர்ந்தால்தான் பொலிசி உயிர் பெறும்.

கோல்டுக்கு மாதம் 80 டொலர் கூடத்தான். எங்களுக்கு அனுப்புவதில் அதைக் குறைத்துக்கொள், அப்பாவிடம் நான் சொல்லிவிட்டேன், அவரும் தலையாட்டினார். டொக்டர் கந்தோரில் என்ன சொன்னார்கள், இன்ஹேலர் எந்தப் படியில் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது சொல், கட்டின பற்றுச்சீட்டையும் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பிவிடு, நான் கொப்பியில் ஒட்டி வைக்கிறேன்.

அன்புடன்
அம்மா