செயலாளரின் ஆண்டறிக்கை: நடனத்தில் நம் ஆண் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள், பெற்றோர்கள், பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம். நம் நடனச் சங்கத்தின் நிறைவடைந்த ஆண்டுக்கான அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயற்குழு 6 முறை கூடியது. மேலும் 3 முறை அழைத்தும் போதிய வருகை இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஒப்பனைப் பயிற்சி ஒரு நாள் நடந்தது. முதலுதவி வகுப்பு நடந்தது. ஆண்டு விழா நடைபெறவில்லை.

விழா நடக்காதது குறித்துச் சிலருக்கு வருத்தம் இருப்பதை அறிவேன். விழாவுக்கு ஒதுக்கிய தொகையைப் பயிற்சிக்கூடத்தின் தரைக்குச் செலவிடலாம் என்று முன்மொழிந்தவன் நான்தான். செயற்குழு ஏற்றது, அன்று வந்திருந்தவர்களின் கையொப்பம் பதிவேட்டில் உள்ளது. விழாப் பணத்தைத் தரைக்கு ஏன் செலவிட வேண்டும் என்று வராதவர்கள் பின்னர் எழுப்பிய கேள்விக்கு இந்த அவையில் விடை சொல்வது என் கடமை.

நம் பிள்ளைகள் இதுவரை சிமெண்டுத் தரையில் ஆடினார்கள். அதில் குதித்து இறங்கும்போது ஏற்படும் அதிர்வு முழுவதும் கணுக்காலுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் முழங்காலுக்கும் போகிறது. நடனக் குழுக்கள் பலவும் ஆண்களிடம் எதிர்பார்ப்பவற்றில் ஒன்று உயரத் துள்ளல். அதைச் சிமெண்டில் நூறு முறை செய்யச் சொல்லிவிட்டு, 15 வயதில் பையன் நொண்டும்போது அவன் உடல்வாகைக் குறை சொல்வது நியாயமில்லை. புதிய தரையில் சட்டங்களும் ரப்பர் அணைகளும் அடியில் இருக்க, அவற்றின்மேல் பலகை பரப்பப்பட்டுள்ளது. இறங்கும் விசையில் ஒரு பங்கை இனித் தரை வாங்கிக்கொள்ளும். மேடை அலங்காரம் ஒரு மாலையோடு முடிந்திருக்கும். இந்தத் தரை, இன்று 8 வயதில் இருப்பவன் பெரியவனாகும் வரை அவனைத் தாங்கும்.

தரையோடு தொடங்கியதுதான் சனிக்கிழமைகளில் ஆண் பிள்ளைகளுக்கான தனி வகுப்பு. அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பை விட்டு நின்றவர்களின் பெயர்களைப் பழைய பதிவேடுகளில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பையன்களில் பெரும்பாலோர் 13, 14 வயதில் நின்றிருக்கிறார்கள். அவர்களில் அநேகர் தங்கள் வகுப்பில் ஒரே ஆண் பிள்ளையாக இருந்தவர்கள். அந்த வயதில்தான் ஆண் பிள்ளைகளின் உயரம் மிக வேகமாகக் கூடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்பே வந்து போய்விடுவதால், உடன் ஆடும் சிறுமிகள் நிலைபெற்றுவிட்ட நேரத்தில் இவன் தடுமாறத் தொடங்குகிறான். எலும்பு முந்தி நீள, தசைகள் பின்தங்குகின்றன. நேற்று எட்டிய கால் இன்று எட்டுவதில்லை. சுழற்சியில் நிலை தவறுகிறது. முழங்காலுக்குக் கீழே தசைநாண் எலும்பைப் பற்றும் இடம் வீங்கி வலிக்கிறது. தனக்கு இருந்த திறமை போய்விட்டது என்று பையன் நம்பிவிடுகிறான். ஆசிரியர் அதைச் சோம்பல் என்கிறார். தந்தை, படிப்பைப் பார்க்கட்டும் என்கிறார். பள்ளியில் கேலியும் அந்த ஆண்டுகளில்தான் கூர்மையாகிறது. சில மாதங்கள் பொறுத்தால் உடல் திரும்பிவரும் என்று அவனிடம் ஒருவர் சொல்லியிருந்தால் அவன் நின்றிருக்கமாட்டான்.

சனிக்கிழமை வகுப்பை நடத்துபவர், மேடையில் ஆடியே வாழ்க்கை நடத்தும் ஆண் கலைஞர். தோள், முதுகு, வயிற்றுத் தசைகளுக்கு அவர் பயிற்சி தருகிறார். வேகமாக வளரும் காலத்தில் துள்ளலைக் குறைத்து, தாளத்திலும் முகபாவத்திலும் கவனம் செலுத்த வைக்கிறார். இணையாக ஆடுபவரைத் தூக்கும் பயிற்சியை உடல் உறுதிப்பட்ட பிறகே தொடங்குகிறார். பையன்கள் உடை மாற்ற ஓர் அறையையும் ஒதுக்கினோம். அதுவரை அவர்கள் நாற்காலிகள் அடுக்கிய கிடங்கில் உடை மாற்றினார்கள் என்பதை நாம் யாரும் கவனிக்காதது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நின்றுபோன ஒரு பையனின் வீட்டுக்கு நேரில் போய் அழைத்தேன். ஆசிரியர் யார், என்ன கற்றுத்தருவார் என்று எதுவுமே அவன் கேட்கவில்லை. “வேறு பையன்கள் வருகிறார்களா, சார்?” என்றுதான் கேட்டான். வருகிறார்கள் என்று சொல்ல முடிந்தது. அடுத்த சனிக்கிழமையே வந்தான்.

ஆடுவது பெண்களின் கலை, அதில் ஆண் பிள்ளைகளுக்குத் தனிச் செலவு எதற்கு என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கடிதம் எழுதினார். ஐரோப்பிய மேடை நடனமான பாலேக்கென்று பிரான்சில் மன்னர் பதினான்காம் லூயி 1661-இல் அரச கழகம் நிறுவினார். அவரே மேடையேறி ஆடியவர். பாரிஸ் ஓப்பரா மேடையில் தொழில்முறைப் பெண் ஆட்டக்காரர்கள் தோன்றியதோ 1681-இல்தான். கதகளியும் குச்சிப்புடியும் நெடுங்காலம் ஆண்களே ஆடிய கலைகள். இன்று பரதநாட்டியம் எனப்படும் சதிர் இழிவாகப் பேசப்பட்ட காலத்தில், வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் பெண் வேடமிட்டு அதை ஆடிக் காட்டினார். அந்த உறுப்பினர் மீது எனக்குக் கோபமில்லை. அவருடைய பேரன் வகுப்புக்கு வரவேண்டும் என்பது என் விருப்பம்.

தந்தையர் கூட்டத்துக்கு 14 பேரை அழைத்தேன். 4 பேர் வந்தார்கள். வந்தவர்களிடம் இரண்டு தந்தையரைப் பற்றிப் பேசினேன். சோவியத் நாட்டில் பிறந்து உலகப் புகழ்பெற்ற பாலே கலைஞர் ருடால்ஃப் நூரியெவின் தந்தை மகன் ஆடுவதை எதிர்த்தார். லெனின்கிராட் பாலே பள்ளியில் நூரியெவ் சேர்ந்தபோது அவருக்கு வயது 17, காலம் 1955. கியூபாவின் பாலே கலைஞர் கார்லோஸ் அகோஸ்டாவை, தெருவில் திரிந்து கெடக்கூடாது என்று பாலே பள்ளியில் சேர்த்தவரே லாரி ஓட்டுநரான அவர் தந்தைதான். 1990-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் இளம் பாலே கலைஞர்களுக்காக நடக்கும் போட்டியில் அகோஸ்டா தங்கப் பதக்கம் பெற்றார். எதிர்ப்பை மீறியும் ஒருவர் உயரலாம்தான். ஆனால் அதற்கு நூரியெவின் பிடிவாதம் வேண்டும். அதை எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்க்க முடியாது.

தொழில் தேடிப் போனவர்களில் ஒருவருக்கு நடனக் குழுவில் ஓராண்டு ஒப்பந்தம் கிடைத்தது. ஒத்திகை நாட்களுக்குச் சம்பளம் உண்டா, அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதை நம் உறுப்பினரான வழக்கறிஞர் படித்துப் பார்த்த பிறகே அவர் கையொப்பமிட்டார். இன்னொருவர் தேர்வில் தோற்றுத் திரும்பினார். அதில் நம் தவறும் இருக்கிறது. ஆண் பிள்ளைகள் குறைவு என்பதால் அவர்களைச் சீக்கிரமே முன்வரிசையில் நிறுத்தி, கைதட்டி, பிழைகளைத் திருத்தாமல் விட்டுவிட்டோம். பல ஆண்கள் போட்டியிட்ட இடத்தில் அந்தக் கைதட்டல் அவருக்கு உதவவில்லை. அவர் அனுப்பிய காணொளியும் விளக்குகளும் வெட்டுகளுமாக இருந்தது; தேர்வாளர்களுக்கு வேண்டியது தலை முதல் பாதம் வரை தெரியும், இடையில் வெட்டாத ஒரே பதிவு. இனி அதை நாமே எடுத்துத் தருவோம்.

கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். சுருக்கமாகச் சொன்னால், தரைப் பணி எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகச் செலவு வைத்தது; நன்கொடைகள் அதன் பெரும்பகுதியை ஈடுசெய்தன; இருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. இதற்குத் தரை மட்டும் காரணமில்லை. உறுப்பினர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சந்தா செலுத்தவில்லை. சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. மூன்று நினைவூட்டல் கடிதங்களுக்கும் பதில் இல்லை. சனிக்கிழமை ஆசிரியருக்கு இரண்டு மாதங்கள் மதிப்பூதியம் தாமதமானது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, வகுப்பையும் தவறவிடவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், ஆசிரியர்கள், கூடத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் பணியாளர் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்புக்கு வேறொருவர் வர விரும்பினால் பதிவேடுகளையும் சாவியையும் மனமகிழ்வோடு ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டால் தொடர்வேன். ஆனால் சனிக்கிழமை வகுப்பை நிறுத்தச் சொல்லும் தீர்மானத்தில் என்னால் கையொப்பமிட முடியாது. நிலுவைப் பட்டியலில் பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. அது பொருளாளர் மேசையில் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் அவர் அங்கேயே இருப்பார். வகுப்பின்போது உடனிருக்க வாரம் இரண்டு தந்தையர் தேவை. அடுத்த மூன்று வாரங்களுக்கான தாளில் இதுவரை ஒரு பெயர்தான் எழுதப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்