சுப்புவுக்கு வந்தது பேயில்லைலே

அன்புள்ள கணேசா,

பொங்கலுக்கு நீ போன் போட்டப்ப நான் எடுக்கல. கோவப்படாதே, காரணம் கீழ வருது. மதினி, பிள்ளைங்க சுகந்தானே? இங்க ஆச்சிக்கு முட்டுவலி, மத்தபடி சௌக்கியம்.

நம்ம சுப்பு மார்கழி கடைசியில திருச்செந்தூருக்கு மாலை போட்டான். கழுத்துல போட்டுவிட்டதே நான்தான். 15 வருசமா குவார்ட்டர் இல்லாம படுக்காதவன், இப்ப காலையிலயே தேடுதவன், "இன்னையோட தொட மாட்டேன்லே"ன்னான். எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

மறுநாள் காலையில டம்ளரைப் பிடிக்க முடியல, காப்பி பூரா வேட்டியில. அந்தக் குளிர்லயும் முதுகு நனைஞ்சு வேர்வை. அன்னைக்கு ராத்திரி வலிப்பு. மூணாம் நாள் நான் போனப்ப கட்டில்ல உக்காந்து தறி நெய்யுதான்! தறி முன்னறையில கிடக்கு, இவன் பின்கட்டுல. கால் மிதிக்குது, கை நாடாவைத் தள்ளுது. திடீர்னு நிப்பாட்டி, "இழை அறுந்துட்டு"ன்னு இல்லாத நூலை எடுத்து, விரல்ல உருட்டி முடிச்சுப் போடுதான். அவ்வளவு நிதானமா. பெறகு சுவர் பூரா எறும்புன்னு அலறல். என்னை யாருன்னே தெரியல.

மாலைக்குக் குத்தம், சுடலை இறங்கிட்டாருன்னு சொல்லி கோடாங்கிக்கு ஆள் அனுப்பிட்டாவ. நான் சண்டை போட்டு ஆட்டோவில ஏத்தி, வீரவநல்லூர்ல இருந்து பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனேன்.

டாக்டரம்மா உடனே கண்டுபிடிச்சுட்டாங்க. மூளையில ரெண்டு ரசாயனம் இருக்காம்: மூளையை அடக்குதது காபா, கிளப்பி விடுதது குளுட்டமேட். சாராயம் காபாவுக்குக் கை கொடுக்கும், குளுட்டமேட்டை அமுக்கும். வருசக்கணக்கா குடிச்சா மூளை அதுக்கு எதிரா இழுத்துப் பழகிரும். காபாவுக்கு மசியாது, குளுட்டமேட்டுக்குக் கூடுதலா துள்ளும். உங்க அப்பா மாட்டைப் பூட்டிக் கிணத்துல கமலை இறைச்சதைப் பார்த்திருக்கோம்லா? சால் நிறைஞ்சு வரும்போது வடம் அறுந்தா மாடு குப்புற விழும். குடியைச் சட்டுன்னு நிப்பாட்டுதது வடம் அறுந்த மாதிரி. ஆறேழு மணி நேரத்துல நடுக்கம், 2 நாளைக்குள்ள வலிப்பு, அதுக்கும் மேல இந்தப் பிதற்றல். உயிரே போயிருக்கும். அபின், ஹெராயினை விட்டவன் உடம்பு முறுக்கித் துடிப்பான், ஆனா அதுல சாவு அபூர்வம். கடையில பில் போட்டு விக்கிற சரக்கை விடும்போதுதான் சாவு பக்கத்துல நிக்கி. எனக்கு இது தெரியாமப் போச்சேலே.

மொதல்ல பி1 வைட்டமின் ஊசி, அதுக்குப் பெறகுதான் குளுக்கோஸ். குடிகாரன் உடம்புல அந்தச் சத்து வத்திப் போயிருக்குமாம், அது இல்லாம குளுக்கோஸை மட்டும் ஏத்தினா மூளைக்கே கேடு. ஈரல் வீங்கிக் கிடந்ததால லோரசெபம்ங்கிற மருந்தைக் கொடுத்தாங்க. சாராயம் கை கொடுத்த அதே காபாவுக்கு இது கை கொடுக்கும். நாளுக்கு நாள் குறைச்சு நிப்பாட்டிட்டாங்க. வடத்தைப் பைய விடுதாங்கன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

ஆசை மட்டும் சீக்கிரம் போகாதாம். டோபமின்ங்கிற இன்னொரு மூளை ரசாயனம் அந்தச் சுகத்தையும், கிடைச்ச இடத்தையும் சேர்த்து மூளையில எழுதி வச்சிருக்கும். வீட்டுக்கு வரும்போது கடைமுக்கு வந்ததும் சுப்பு என் கையை இறுக்கிப் பிடிச்சான். பேசல. நகம் பதிஞ்ச தடம் ரெண்டு நாள் இருந்துச்சு.

இப்ப ஏன் இவ்வளவு எழுதுதேன்னா, உன் தம்பி பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா முன்னால சத்தியம் பண்ணிக் குடியை விடப் போறான்னு சந்தோசமா சொன்னியே. சத்தியம் பண்ணட்டும், சாஸ்தா துணை வேணும். ஆனா அவனும் காலையிலயே குடிக்கிறவன்தான். தானா ஒரே நாள்ல நிப்பாட்ட வேண்டாம்னு இன்னைக்கே போன் போட்டுச் சொல்லு. நான் சொன்னா "அண்ணனுக்குப் பயம்"னு சிரிப்பான், நீ சொன்னா கேப்பான். திங்கட்கிழமை காலையில நானே அந்த டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன். ஏழு மணி பஸ்ஸுக்கு வந்து நிக்கச் சொல்லு.

சுப்பு நேத்து எனக்குக் காப்பி கொண்டு வந்தான். சிந்தல.

அன்புடன்,
முருகன்