கதை யாருடையது என்று போடுங்கள்: சிறுவர் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உலகப் புராணக் கதைகளைச் சிறுவர்களுக்காகத் தமிழில் கொண்டுவருகிறீர்கள், முதலில் அதற்கு நன்றி. எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறேன், உங்கள் புத்தகங்களை நம்பித்தான் அது நடக்கிறது. போன வாரம் உங்களில் ஒருவர் வெளியிட்ட தொகுப்பிலிருந்து ‘ஆப்பிரிக்கப் புராணம்’ என்ற சிலந்திக் கதையைப் படித்தேன். முடித்ததும் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “ஆப்பிரிக்காவுல எந்த ஊர்க் கதை இது?” என்று கேட்டாள். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், முன்னுரையிலும் இல்லை, பின்னட்டையிலும் இல்லை. ஒரு சிலந்தி, ஒரு ராஜா, அவ்வளவுதான்.

அந்தச் சிலந்திக்குப் பெயர் உண்டு, அனான்சி. கானா நாட்டு அசாந்தி மக்களின் கதை அது. ராஜா என்று நீங்கள் போட்டிருப்பவர் வானத்துக் கடவுள் நியாமே. கதைகள் எல்லாம் அவரிடம்தான் இருந்தன, அவற்றை வாங்க வேண்டுமானால் மலைப்பாம்பையும் சிறுத்தையையும் குளவிக் கூட்டத்தையும் பிடித்து வா என்கிறார். அனான்சி தன் மேலும் குளவிகள் மேலும் தண்ணீரை ஊற்றி, வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு, “மழை வருது, இந்தச் சுரைக்குடுக்கைக்குள்ள வந்துடுங்க” என்று கூப்பிடுகிற இடம் எவ்வளவு அருமையான இடம்! புத்தகத்தில் அது ‘தந்திரமாகப் பிடித்தது’ என்று ஒரே வரியில் போய்விட்டது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு இந்தக் கதை ஜமைக்கா வரை போய், அங்கே இன்றும் சொல்லப்படுகிறது. இதில் ஒரு சொல்கூடப் புத்தகத்தில் கிடையாது.

அதே புத்தகத்தில் கிரேக்கர்களுக்கு மட்டும் வரைபடம், அவர்களின் தலைமைக் கடவுள் சீயஸின் வம்சாவளி, எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. கண்ணகி கதையை யாராவது மதுரையும் இல்லாமல், கண்ணகி பெயரும் இல்லாமல், ‘ஆசியக் கதை’ என்று அச்சிட்டால் நாம் சும்மா இருப்போமா?

அப்புறம், கதை முடிவில் நீங்கள் போடும் நீதி. பழைய மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) அரசன் கில்காமேஷ் கதையில் உயிர் நண்பன் எங்கிடு சாகிறான், அந்தத் துக்கத்தில்தான் கில்காமேஷ் சாவுக்கு மருந்து தேடி உலகத்தின் விளிம்பு வரை அலைகிறான். கடைசியில் கிடைத்த மூலிகையையும், அவன் குளிக்கும் நேரத்தில், பாம்பு தூக்கிக்கொண்டு போக, உட்கார்ந்து அழுகிறான். நீங்கள் எங்கிடுவின் சாவை எடுத்துவிட்டு, முடிவில் ‘பேராசை பெருநஷ்டம்’ என்று போட்டிருக்கிறீர்கள். நண்பனைப் பறிகொடுத்தவன் அழுவதில் பேராசை எங்கே வந்தது? பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நினைத்திருக்கலாம், ஆனால் தாத்தா பாட்டி சாவைப் பார்த்த பிள்ளைகள்தான் இந்தக் கதையைக் கேட்க வருகிறார்கள். அவர்களுக்கு அந்த அழுகை புரியும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். கதை யாருடையது என்று போடுங்கள். எந்த மக்கள், எந்த இடம், எழுதிவைத்ததா வாய்மொழியா, கதைக்குக் கீழே இரண்டு மூன்று வரி போதும். மக்காச்சோள மாவிலிருந்து மனிதனைச் செய்த கதை என்றால், குவாத்தமாலாவின் கிச்சே மாயா மக்களுடையது, ‘போபோல் வூ’ என்ற அவர்கள் நூலில் இருக்கிறது என்று சொன்னால் ஆயிற்று. இதனால் பக்கமும் அதிகமாகாது, விலையும் ஏறாது.

அடுத்த பதிப்பு வரக் காலமாகும் என்றால், விற்பனையில் இருக்கும் பிரதிகளுக்கு ஒரு துண்டுத்தாளாவது அச்சிட்டுச் செருகித் தாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
நூலகத்தில் உங்கள் புத்தகங்களைப் படித்துக் காட்டும் ஒரு வாசகர்