வாடா சட்டிக்கு நகை கேட்காதீர்கள்

டெல்டா ஊர்களின் ஜமாஅத், பைத்துல்மால் (ஊர்ப் பொதுநிதி) பொறுப்பாளர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

அஸர் தொழுதுவிட்டு நீங்கள் தெருவில் திரும்பும்போது எண்ணெய் மணம் வருமே, அந்த அடுப்புகளில் ஒன்று என் உம்மாவுடையது. இருபது வருடமாக இறால் வாடா போடுகிறார். நான் கல்லூரிக்குப் போனது அந்த வருமானத்தில்தான். அதிராம்பட்டினம் முதல் நாகூர் வரை இப்படி எத்தனையோ உம்மாக்கள்.

2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரி கூடியதும் பாமாயில் விலை ஏறியது. வாடாவைக் கொஞ்சம் சிறிதாகப் போடலாமே என்றேன். வாங்குகிறவரிடம் சொல்லாமல் சிறிதாக்கினால் அதுவும் அளவில் மோசடிதான் என்று குர்ஆனின் 83-ஆம் அத்தியாயத்தைச் சொல்லி மறுத்துவிட்டார்.

சரி, வட்டியில்லாக் கடன் வாங்கலாம் என்று ஒரு பைத்துல்மாலுக்குப் போனோம். ஈடாக நகை கேட்டார்கள். வாப்பாவின் வைத்தியத்துக்கே இருந்த நகையெல்லாம் போய்விட்டது. அப்புறம் வேறு வழி? வாரத் தவணை குழுக்கடன்தான். வட்டி ஹராம் என்ற ஜும்ஆ பயான் பள்ளிவாசல் மைக்கில் கேட்க, உம்மா அடுப்படியில் உட்கார்ந்து தவணைக்குச் சில்லறை எண்ணியதை நான் பார்த்திருக்கிறேன். அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்கிறது குர்ஆனின் 2:282 வசனம். அப்படியே எழுதுங்கள், நகைக்குப் பதில் தெருவில் இரண்டு பேரின் பொறுப்பை வாங்குங்கள். முளாரபா என்ற பங்கு முறையிலும் தரலாம்: முதல் உங்களுடையது, உழைப்பு எங்களுடையது, லாபத்தில் பேசிய பங்கு. எங்கள் தவறில்லாமல் நஷ்டம் வந்தால் அது முதல் போட்டவரைச் சேரும். இந்தத் துணிச்சல் வட்டிக்காரரிடம் கிடையாது, உங்களிடம் இருக்க வேண்டும். கட்டாயத் தர்மமான ஜகாத்தைப் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளையும் 9:60 சேர்த்திருக்கிறது. ரமலானில் சேலை கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இந்த வாரக் கடன்களை அடைக்கத் திருப்புங்கள்.

இன்னொன்று. கல்யாண வீட்டுக்கும் இஃப்தாருக்கும் நூற்றுக்கணக்கில் வாடா வாங்கிவிட்டு, பெருநாள் கழிந்தும் காசு தராத வசதியான வீடுகள் உண்டு. வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்ற ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதைப் பள்ளிவாசல் மேடையான மிம்பரில் நின்று சொல்லுங்கள். நாங்கள் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது.

ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஅபானிலேயே ஒரு கூட்டம் கூட்டுங்கள். பெண்களையும் அழையுங்கள். உம்மா தன் கணக்கு நோட்டோடு வருவார்.

வஸ்ஸலாம்,
வாடாக்காரம்மா மகள்