புதுச்சேரிக்கு அரைநாள் போதாது: சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்குக் குழுவாக ஆள் அழைத்துச் செல்லும் சங்கங்களுக்கும் பயண முகவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பயண நிரலில் புதுச்சேரி பெரும்பாலும் மகாபலிபுரத்துக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அரைநாள். உச்சிவெயிலில் பேருந்து நிற்கும். காந்தி சிலை முன் படம், மணக்குள விநாயகர், சாப்பாடு, கிளம்பு. அந்த ஊருக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகள் போகக்கூடாது. ஊர்சனம் காற்று வாங்க வருவது அப்போதுதான். இரண்டு இரவு கொடுங்கள், ஞாயிறிலிருந்து செவ்வாய்வரை. வெள்ளி, சனியில் சென்னை, பெங்களூர்க் கூட்டம் வந்து அறை வாடகையை ஏற்றிவிடும். ஞாயிறு என்றால் காந்தி வீதிச் சந்தையும் கிடைக்கும். இன்னொன்று: அது கிழக்குக் கரை. சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது. விளம்பரத் தாளில் அஸ்தமனப் படம் போடாதீர்கள்.

எங்கள் பெரிய கவலை கடல்தான். கடற்கரைச் சாலையோரம் கருங்கல் குவிந்து கிடப்பதைப் பார்த்து, மணல் எங்கே என்று கேட்பார்கள். 1980களின் பிற்பகுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர், வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்துவிட்டது. அதற்கு வடக்கே இருந்த கரையைக் கடல் தின்றது. பின்னர் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்று அமைத்த பிறகு, தலைமைச் செயலகம் பக்கம் ஓரளவு மணல் திரும்பியிருக்கிறது. பார்த்ததும் காலை நனைக்கத் தோன்றும். அது குளிக்கிற இடமில்லை.

ஈஸ்ட் கோஸ்ட்டிலும் செந்தோசாவிலும் தடுப்புக் கற்களுக்கு உள்ளே குளித்துப் பழகியவர்களுக்கு வங்கக் கடலின் போக்கு பிடிபடாது. ஊருக்கு வடக்கே இருக்கும் செரினிட்டி கடற்கரையில் நின்று பத்து நிமிடம் வெறுமனே பார்க்கச் சொல்லுங்கள். அலைகள் வரிசையாக உடையும்போது, நடுவே ஓரிடம் மட்டும் உடையாமல், கலங்கலாக, சாதுவாகக் கிடக்கும். பிள்ளைகளோடு வருபவர்கள் தேடிப்பிடித்து அங்கேதான் இறங்குவார்கள். கரையேறிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. தூண்டில் வளைவு எனப்படும், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்வரிசைகளை ஒட்டியும் இதே இழுவை இருக்கும். சிக்கியவர் நேரே கரையைப் பார்த்து நீந்தினால் தண்ணீர் ஜெயிக்கும், கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு சேர்ந்து கரைக்கு வரவேண்டும். அதற்குத் தெம்பில்லையென்றால் மல்லாந்து மிதந்து கையை ஆட்ட வேண்டும். முழங்கால் ஆழத்தைத் தாண்ட வேண்டாம்; குடித்தவர் இறங்கவே வேண்டாம். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. நம் பள்ளி ஆண்டிறுதி விடுமுறையும் அதில்தான் வந்து விழுகிறது. அந்த மாதங்களில் கடல்குளியலை நிரலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இரவு வாழ்க்கை? மொட்டைமாடி மதுக்கூடங்கள், பிரெஞ்சு வீதிகளில் நிதானமான சாப்பாடு, அவ்வளவுதான். கிளார்க் கீ மாதிரி எதிர்பார்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சட்டத்தை மட்டும் இளையர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் 18 வயதில் குடிக்கலாம், தமிழ்நாட்டில் 21. எல்லை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது: செரினிட்டி கடற்கரை நகரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான், ஆனால் அது தமிழ்நாடு. புதுச்சேரியில் மலிவாக வாங்கிய போத்தலை அனுமதியில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோனால் குற்றம். சென்னைக்குத் திரும்பும் பேருந்தில் சோதனை நடந்து ஒருவர் பையில் சிக்கினால், வண்டியே பறிமுதலாகலாம். மற்றவர்கள் விமானத்தைத் தவறவிடுவார்கள். வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் சாங்கி வருகைக் கூடத்தில் வாங்கட்டும். 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருந்தால், 18 வயதானவர்களுக்குத் தீர்வைச் சலுகை உண்டு.

இப்படிக்கு,
புதுச்சேரியும் அதன் கடலும் தெரிந்த சில சிங்கப்பூர்த் தமிழர்கள்