கொழும்பில் மேற்பார்வை அதிகாரிகளாகப் பணிபுரிவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளே,

தண்டனைக் காலம் முடியுமுன் லைசன்சில், அதாவது நிபந்தனையோடு, வெளியே வந்தவர்களும், சிறை மறியலுக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை பெற்றவர்களும் உங்கள் கையில்தான் இருக்கிறார்கள். என் தம்பியும் அவர்களில் ஒருவன். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவன் பெயரோ அவனுடைய அதிகாரியின் பெயரோ இதில் வராது. கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் எனக்குத் தெரிந்த மற்றக் குடும்பங்களும் இதையேதான் சொல்கின்றன.

தம்பி புறக்கோட்டையில் நாட்டாமை. லொறி வந்து நின்றதும் மூட்டை இறக்க ஆள் வேண்டும். அன்றைக்கு இல்லாதவனுக்கு அன்றையக் கூலி இல்லை. நாலு தரம் இல்லாவிட்டால் முதலாளி வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். மேற்பார்வைக்காக உங்கள் அலுவலகத்தில் கையொப்பம் வைக்க வரச் சொல்வதோ கிழமை நாளில், காலையில். வந்தவரைப் பகல் வரை வாங்கில் உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறீர்கள். பின்னேரத்துக்கு மாற்றித் தாருங்கள் சேர் என்று கேட்டதற்கு, “உள்ளே இருக்கும்போது எந்த வேலைக்குப் போனாய்?” என்ற பதில்தான் தம்பிக்குக் கிடைத்தது. அவன் வேலையில் நிலைத்து நிற்கிறானா என்று பார்ப்பதுதானே உங்கள் பொறுப்பு? அந்த வேலை உங்கள் வாங்கில் உட்கார்ந்தே போய்விடக் கூடாது.

விசாரிக்கிறோம் என்று கடைக்கு போன் எடுத்து, எடுத்தவரிடமெல்லாம் அவன் மறியலில் இருந்தவன் என்று சொல்வதும் நடக்கிறது. முதலாளிக்கு அது முன்பே தெரியும். கூட நிற்கும் பையன்களுக்குத் தெரிய வேண்டிய தேவை என்ன?

இன்னொன்றை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். தெரிந்த ஒருவரை ஒரு சனிக்கிழமை அதிகாரியின் வீட்டுக்கு மணல் தூக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் போனார், கூலி இல்லாமல் தூக்கினார். போகாமல் இருக்க முடியுமா? “வரவில்லை என்று றிப்போட் எழுதினால் திரும்ப உள்ளேதான்” என்ற ஒரு வசனம் போதும். கட்டளையில் சொல்லப்பட்ட சமூக சேவை வேறு, அதிகாரியின் வீட்டு வேலை வேறு. காசாக வாங்கினால்தான் இலஞ்சம் என்றில்லை. பதவியைக் காட்டி இலவசமாக வாங்கும் சேவையும் அந்தக் கணக்கில் வரும்.

முறைப்பாடு செய்யலாமே என்பீர்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. சரி, அந்த ஒரு மாதமும் முறையிட வேண்டியவர் யார் கையில் இருக்கிறார்? யாரைப் பற்றி முறையிட வேண்டுமோ அந்த அதிகாரியின் கையிலேயே. மேற்பார்வை முடியட்டும், அப்புறம் பேசுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் தவணை கடந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு எதிராக யாரும் வாய் திறப்பதில்லை. குறை இல்லாததால் முறைப்பாடு இல்லை என்று உங்கள் மேலதிகாரிகள் எண்ணிவிட வேண்டாம்.

எல்லோரும் இப்படி என்று நான் சொல்லமாட்டேன். தம்பிக்கு முன்பு இருந்த அதிகாரி அரைகுறைத் தமிழில் “வேலை எப்படி, அம்மா சுகமா” என்று கேட்டுத்தான் கதையைத் தொடங்குவார். அவர் இருந்த காலத்தில் தம்பி ஒரு நாளும் தவறவில்லை.

மறியலில் வைக்காத தண்டனைகளுக்காக ஐக்கிய நாடுகள் சபை 1990இல் ஏற்றுக்கொண்ட டோக்கியோ விதிகள், நிபந்தனைகள் நடைமுறைக்கு ஏற்றவையாகவும் தெளிவாகவும் முடிந்த அளவு குறைவாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. அவற்றை ஆரம்பத்திலேயே வாயாலும் எழுத்தாலும் விளங்கப்படுத்தச் சொல்கின்றன. ஒரு நிபந்தனை தவறியதும் தானாகவே மறியல் என்று ஆகிவிடக் கூடாது என்கின்றன. தம்பி கையொப்பம் வைத்த தாள் முழுக்கச் சிங்களம். அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. எதற்குக் கட்டுப்பட்டிருக்கிறோம் என்றே தெரியாதவன் எப்படிக் கட்டுப்பட்டு நடப்பான்?

எனவே கேட்கிறோம்: தினக்கூலிக்காரருக்குப் பின்னேரமோ சனிக்கிழமையோ கையொப்ப நேரம் கொடுங்கள். நிபந்தனைகளைத் தமிழில் எழுதி ஒரு பிரதியைக் கையில் தாருங்கள். ஒருவரை உள்ளே அனுப்பச் சொல்லி றிப்போட் எழுதுமுன் காரணத்தை எழுத்தில் காட்டி, அவர் பக்கத்தையும் கேளுங்கள். முறைப்பாட்டை வேறொரு அதிகாரி ஏற்கட்டும், அது விசாரிக்கப்படும்வரை மேற்பார்வையும் வேறொருவர் கைக்கு மாறட்டும். இவற்றில் கடைசியானதுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் மற்றவை மீறப்படும்போது சொல்ல ஆள் இருக்காது.

இதைப் பேச எங்களில் சில குடும்பங்கள் நேரில் வரத் தயாராக இருக்கிறோம். நாளையும் நேரத்தையும் நீங்களே குறித்து அறிவியுங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அக்கா