சாக்ஸபோனைக் கீழே வைத்தவர்

டிசம்பர் 2024

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு நிம்மதி. நான் விசாரித்ததாகச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

'இந்த வருஷம் ஒன்றும் தேறவில்லை, ஆல்பம் என்கிற சமாச்சாரமே முடிந்துபோச்சு' என்று தீர்ப்பு எழுதி அனுப்பியிருக்கிறாய். டிசம்பர் வந்தால் உனக்கு இந்தக் காய்ச்சல் வந்துவிடும். வழக்கமாக நம்ம டிரம்மர்தான் உன்னை மடக்குவான். இந்தத் தடவை அவன் வாயே திறக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவனுக்குப் பதிலாக நான் வாதாடுகிறேன், கேள்.

பில்லி ஐலிஷ் மே மாதம் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' கொண்டுவந்தாரே, அதற்கு முன்னால் ஒரு பாட்டைக்கூடத் தனியாக வெளியிடவில்லை. முழுசாகக் கேட்கட்டும் என்று பத்துப் பாட்டையும் சேர்த்தே கொடுத்தார். உலகமே காத்திருக்கிற ஒரு பாடகி அப்படிச் செய்கிறார் என்றால் ஆல்பம் எங்கேடா செத்தது? நீ அதில் 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்' ஒன்றை மட்டும் உருவி எடுத்துக் கேட்டிருப்பாய். தெரியும். 'லாமூர் தெ மா வீ' பாதியில் ஆளே மாறிப்போகிற மாதிரி வேறு பாட்டாக மாறுகிறது. அதற்கு முன்னால் வருகிற பாட்டுகளின் சூட்டோடு கேட்டால்தான் அந்தத் திருப்பம் உறைக்கும்.

பியான்ஸேயின் 'கவ்பாய் கார்ட்டர்' பற்றி உன்னோடு சண்டை வேண்டாம். 27 தடங்கள் அதிகம்தான். ஆனால் 1970-இல் ஒரே ஆல்பம் போட்டுவிட்டு மறக்கப்பட்ட லிண்டா மார்ட்டெல் என்கிற கறுப்பின அமெரிக்கக் கண்ட்ரி இசைப் பாடகியின் குரலை அதில் கேட்டபோது, மற்றக் குறைகள் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. பிரிட்டிஷ் ஜாஸ் கலைஞர் ஷபாக்கா ஹட்சிங்ஸ். 'சன்ஸ் ஆஃப் கெமெட்' குழுவில் அவர் சாக்ஸபோன் வாசித்த வேகத்தில் நாம் மூச்சு வாங்கியது நினைவிருக்கிறதா? அந்த மனிதர் போன வருஷக் கடைசியில் லண்டனில் ஒரு தேவாலயத்தில் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பம் முழுவதையும் வாசித்துவிட்டு, சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டார். புகழின் உச்சியில் இருக்கும்போது! அப்புறம் கையில் எடுத்தது குழல்கள். அதிலும் குறிப்பாக ஷாகுஹாச்சி, ஜப்பானிய மூங்கில் குழல். ஏப்ரலில் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயரே ஒரு பிரார்த்தனை மாதிரி இருக்கிறது: 'பெர்சீவ் இட்ஸ் பியூட்டி, அக்னாலெட்ஜ் இட்ஸ் கிரேஸ்.'

பதிவு செய்த இடம் நியூஜெர்சியில் வான் கெல்டர் ஸ்டுடியோ. 1964 டிசம்பரில் 'எ லவ் சுப்ரீம்' பதிவானதும் அங்கேதான். யார் காதிலும் ஹெட்ஃபோன் கிடையாது, நடுவில் தடுப்பு கிடையாது. ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசித்திருக்கிறார்கள். அது கேட்கும்போதே தெரிகிறது. யாரும் யாரையும் முந்துவதில்லை. குழலில் சுரம் பிறப்பதற்கு முன்னால் காற்று உரசுவதுகூடக் காதில் விழுகிறது. 'பிரீத்திங்' என்ற தடத்தில் மிருதங்கம் வரும், ராஜ்னா சுவாமிநாதன். நீ தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிடுவாய், பந்தயம். கடைசிப் பாட்டில் பேசுகிற குரல் ஷபாக்காவின் அப்பாவுடையது.

இத்தோடு முடியவில்லை. ஷபாக்காவின் லேபிளில் மார்ச்சில் ஓர் ஆல்பம் வந்தது. பாடியவர் தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா. அவரே நவம்பரில் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' என்று இன்னொன்றும் கொண்டுவந்துவிட்டார். ஹூஸ்டனில் கலைஞர்களைக் கூட்டி, சடங்கு மாதிரி சேர்ந்திருந்து பாடியது. அதிலும் 'எ லவ் சுப்ரீம்' வருகிறது! ஒருவர் அதை வாசித்துவிட்டு வாத்தியத்தையே மாற்றுகிறார், இன்னொருவர் அதை நம் பக்கத்துக் குரலில் பாடுகிறார். 60 வருஷமாகியும் அந்த இசை ஆட்களை உலுக்கிக்கொண்டே இருக்கிறது. நீ என்னடாவென்றால் ஒன்றும் தேறவில்லை என்கிறாய்.

பாகிஸ்தானிய-அமெரிக்கப் பாடகி அரூஜ் அஃப்தாபின் 'நைட் ரெய்ன்' உனக்கே பிடிக்கும், நான் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்து வாழ்ந்த கவிஞர் மா லக்கா பாயின் உருதுக் கவிதைகளை எடுத்துப் பாடியிருக்கிறார். 'சாக்கி'யில் பியானோ விஜய் ஐயர்.

டிரம்மர் விஷயம். அண்ணன் போனதிலிருந்து அவன் பாட்டே கேட்பதில்லையாம். வீட்டில் சொன்னார்கள். நவம்பரில் த க்யூர் என்கிற பிரிட்டிஷ் ராக் குழு 16 வருஷத்துக்குப் பிறகு ஓர் ஆல்பம் கொண்டுவந்தார்கள், 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்.' முதல் பாட்டில் குரல் வரவே மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. அதே ஆல்பத்தில் 'ஐ கேன் நெவர் சே குட்பை' என்ற பாட்டு, குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் இறந்துபோன தன் அண்ணனுக்காக எழுதியது. க்யூர் என்றால் டிரம்மருக்கு உயிர். அந்த ஆல்பம் வந்ததே அவனுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. தெரிந்து, கேட்காமல் வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அனுப்பலாமா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. போனில் ஒரு லிங்க்காக அது அவனிடம் போய்ச்சேருவதில் எனக்கு விருப்பமில்லை. நீ பக்கத்தில் இருக்கிறாய். ஒருநாள் போய் அவனோடு சும்மா உட்கார்ந்திரு. அவனாகக் கேட்டால் போடு, இல்லாவிட்டால் விட்டுவிடு. கூட இருக்காமல் மட்டும் கொடுத்துவிடாதே.

போய்வந்ததும் எழுது. உன் பட்டியலையும் சேர்த்து அனுப்பு, ஐந்து ஆல்பமாவது இருக்க வேண்டும். ஷபாக்காவை நடுவில் நிறுத்தாமல் கேட்ட பிறகு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்